பார்க்கச் சென்றவரும் பார்க்கப்பட்டவரும்

உரோமையில் மேற்படிப்பிற்காகத் தங்கியிருந்த ஆண்டுகளில், ஒரு மாலை எங்கள் விடுதியின் உணவறையில் பிரேசில் நாட்டு உடன்மாணவர் ஒருவர் காசியைப் பற்றி என்னிடம் கேட்டார். அங்கே படித்துறைகள் எத்தனை, அங்கு இறப்பவர் முத்தி அடைவர் என்று நம்பப்படுவது எதனால், தெற்கு நோக்கிச் செல்ல வேண்டிய கங்கை அந்நகரில் வடக்கே திரும்புவதாகச் சொல்கிறார்களே, அது மெய்தானா என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் இந்தியன், இந்துக்கள் நடுவே பிறந்து வளர்ந்தவன், ஆகவே அறிந்திருப்பேன் என்பது அவர் எண்ணம். எனக்கோ காசியைப் பற்றி இருந்த நேரடி அறிவு ஒன்றே ஒன்றுதான். நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காசிக்குப் போய்த் திரும்பினார். செம்பில் அடைத்துக் கொண்டுவந்த கங்கை நீரை அவர் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை என் தாயார் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவ்வளவே. உடன்மாணவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மறுவாரம் நூலகத்தில் தேடியபோது கைக்கு அகப்பட்டது டயானா எக் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய நூல். 'கடவுளை எதிர்கொள்ளல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 'போஸ்மனிலிருந்து பனாரஸ் வரை ஓர் ஆன்மிகப் பயணம்' என்பது துணைத்தலைப்பு. 1993-இல் பாஸ்டன் நகரில் வெளியான அந்நூல் 1995-இல் சமயத் துறைக்கான கிராமயர் விருதைப் பெற்றது. தமிழகத்துக் குருவானவன் ஒருவன் காசியை அறிந்துகொள்ள, உரோமையில் அமர்ந்து, மொன்டானா மாநிலத்து மெதடிஸ்டு சபைப் பெண்மணியின் துணையை நாட வேண்டியிருந்ததை எண்ணி அன்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் பயனற்றதாய்ப் போகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மீண்டும் மீண்டும் நான் எடுத்துப் படிக்கும் நூல்களுள் அதுவும் ஒன்று. அதனுடன் எனக்குள்ள வழக்கும் இன்னும் தீரவில்லை. இரண்டையும் நம் வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியர் 1945-இல் பிறந்தவர். மலைகள் சூழ்ந்த போஸ்மன் நகரில், ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்லும் குடும்பத்தில் வளர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மாணவர்களை ஓராண்டு இந்தியாவில் படிக்க அனுப்பிய திட்டத்தின்கீழ் 1965-இல் தம் இருபதாம் வயதில் காசி வந்து சேர்ந்தார். நம் திருச்சபை வரலாற்றிலும் அது மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 28 அன்றுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அச்சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அதில் அறிவித்தது. உரோமையில் ஆயர்கள் எழுத்தில் வடித்துக்கொண்டிருந்த ஒரு வினாவை, கங்கைக் கரையில் ஒரு கல்லூரி மாணவி தன் உடலாலும் உள்ளத்தாலும் எதிர்கொண்டிருந்தார். இவ்விரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆயினும் காலம் சில வேளைகளில் ஒரே கேள்வியைப் பல வாசல்களில் தட்டுகிறது.

இந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. தம் நம்பிக்கை காசியில் கரைந்துபோயிற்று என்றோ, அசையாமல் நின்றது என்றோ ஆசிரியர் சொல்லவில்லை. கேள்விகள் எழுந்தன என்கிறார். அவற்றை மறைக்காமல் சொல்கிறார். ராஜ்காட்டில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சைக் கேட்ட அனுபவத்தை அவர் நினைவுகூரும் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. எச்சமய நிறுவனத்துக்கும் கட்டுப்படாத ஒருவர், தம்மிடமிருந்த எந்த இறையியல் அளவுகோலுக்குள்ளும் அடங்காத ஒருவர், ஆழ்ந்த ஆன்மிக அறிவோடு பேசுகிறார். அவரை எங்கே வைப்பது? நம் குருமடங்களில் இத்தகைய ஆள்களை எங்கே வைப்பது என்பதற்கு ஆயத்தமான அறைகள் உண்டு. நானும் அவ்வறைகளின் பெயர்ப்பட்டியலை மனனம் செய்து தேர்வு எழுதியவன்தான். எக் அவ்வாறு அவசரப்பட்டு அறை ஒதுக்குவதில்லை. எளிதில் விடை தெரியாத இடத்தில் நின்றுகொண்டிருக்கும் பொறுமை அவரிடம் இருக்கிறது.

நூலின் இயல்களுக்கு அவர் இட்ட பெயர்களும் கருதத்தக்கவை. கடவுளின் பெயர்கள், கடவுளின் முகங்கள், கடவுளின் மூச்சு, கடவுள்பால் கவனம் என்று அவை செல்கின்றன. கிறிஸ்தவர் ஒருவர் தம் மூவொரு இறைநம்பிக்கையின் சட்டத்தைக் கைவிடாமலே இந்து சமயத்தோடு பேச முயல்கிறார் என்பதற்கு இப்பெயர்களே சான்று. வெளிநாடு சென்றதும் தன் வீட்டை ஏளனமாகப் பேசத் தொடங்கும் மாணவர்களை நாம் அறிவோம். எக் அவ்வினத்தவர் அல்லர். தம் ஞாயிறு மறைப்பள்ளியையும் போஸ்மன் ஆலயத்தையும் நன்றியோடுதான் நினைக்கிறார்.

இவருடைய சிறு நூல் ஒன்று 1981-இல் வந்தது. 'தரிசனம்' என்னும் பொருளில் நம் சொல்லையே அதற்குத் தலைப்பாக இட்டார். கோயிலுக்குச் செல்லும் இந்து, வழிபட வந்தேன் என்பதைவிடத் தரிசனத்துக்கு வந்தேன் என்றே சொல்வதை அவர் கவனிக்கிறார். தரிசனம் என்பது பக்தர் தெய்வத்தைப் பார்ப்பது மட்டுமன்று. தெய்வத்தால் பார்க்கப்படுவதுமாகும் என்று அவர் விளக்குகிறார். அந்நூல் கல்லூரி மாணவர்க்கெனவே எழுதப்பட்டது. சிலையைக் கண்டதும் முகம் சுளிக்கும் இளைஞர்களுக்கு, அங்கே நடப்பது இருவர் கண்கள் சந்திக்கும் நிகழ்ச்சி என்று உணர்த்தியது. நற்கருணை ஆராதனையில் மணிக்கணக்காய் மௌனமாக அமர்ந்திருக்கும் நம் மூதாட்டிகளை, 'இவ்வளவு நேரம் என்ன செபிக்கிறீர்கள்?' என்று கேட்டால் அவர்களும் ஏறத்தாழ இதையேதான் சொல்வார்கள்.

காசியைப் பற்றிய அவருடைய பெரிய நூல், 'பனாரஸ்: ஒளியின் நகரம்', 1982-இல் வந்தது. அதன் இறப்பு பற்றிய இயலை நான் ஒரே இரவில் படித்து முடித்தேன். வேறிடங்களில் சுடுகாடு ஊருக்கு வெளியே இருக்கும்; காசியில் அது ஊரின் நடுவே, மணிகர்ணிகைப் படித்துறையில் இருக்கிறது. நீராடுவோரும் சிதைகளும் அருகருகே. அங்கு உயிர் பிரியும் வேளையில் சிவபெருமானே வந்து இறப்பவரின் காதில் தாரக மந்திரத்தை ஓதுவார் என்பது நம்பிக்கை. கடக்கச் செய்வதால் அது தாரகம். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி, விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும்கூட அது கிட்டும் என்பர்.

இப்பகுதியைப் படித்தபோது நான் நூலகத்தில் இருப்பதை மறந்தேன். நம் கத்தோலிக்க வீடுகளில் ஒருவர் உயிர் பிரியும் நேரத்தில் என்ன செய்கிறோம்? அவித்த மெழுகுவத்தியை மீண்டும் ஏற்றுகிறோம். பாடுபட்ட சுரூபத்தைக் கையில் வைக்கிறோம். பிறகு யாரேனும் குனிந்து, காதோடு வாய் வைத்து, 'சேசு, மரி, சூசை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நல்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரின் பெயர் அதில் இருப்பது தற்செயலன்று. என் பாட்டியார் இறந்தபோது அவ்வாறு சொன்னவர் என் தந்தையார். குரல் கம்மிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. செவியே இறுதியாய் அணையும் விளக்கு என்பதைக் காசியின் மக்களும் நம் மக்களும் தனித்தனியே கண்டறிந்திருக்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அங்கே ஓதுபவர் தெய்வம். இங்கே ஓதுபவர் மகனோ மகளோ, தெய்வத்தின் பெயரை. அங்கே அந்த நகரமே வரம். நமக்கோ எந்நகரில் இறந்தாலும் ஒன்றே. இந்த வேறுபாடு ஆழமானது. ஆனால் வேறுபாட்டைச் சரியாகச் சொல்வதற்கே முதலில் ஒப்புமையின் அருகே சற்று நேரம் அமர வேண்டியிருக்கிறது. அதை எக் எனக்குக் கற்பித்தார்.

இனி என் வழக்கு.

'ஒளியின் நகரம்' பெருமளவுக்குக் காசியைப் புகழும் வடமொழி நூல்களை, குறிப்பாகக் கந்தபுராணத்தின் காசி காண்டத்தைத் துணைகொண்டு எழுதப்பட்டது. அக்காண்டம் தமிழுக்குப் புதிதன்று. தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே அதைத் தமிழில் பாடிவிட்டார். தென்காசி, சிவகாசி என்று ஊர்ப்பெயர்களிலேயே காசியைக் கொண்டுவந்தது நம் நாடு. இதைக்கூட நான் அமெரிக்கப் பெண்மணியின் நூலைப் படித்த பின்புதான் தேடித் தெரிந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தலபுராணம் ஒரு நகரத்தைப் பார்க்கும் விதம் வேறு. அந்நகரத்தில் வாழ்வோர் அதைப் பார்க்கும் விதம் வேறு. புராணத்தில் காசி பொன்மயமானது. தலபுராணத்தின் கண்ணாடியை அணிந்து பார்க்கும் எவர்க்கும் சிலர் கண்ணில் படுவதேயில்லை.

மணிகர்ணிகையின் நெருப்பைக் காப்பவர் டோம் எனப்படும் மக்கள். அவர்கள் தரும் நெருப்பு இல்லாமல் அங்கே எந்தப் பெருமகனும் வேக முடியாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர்களைத் தொடக்கூடாதவர் என்றே சமூகம் ஒதுக்கி வைத்தது. நம் ஊர்த் தெருக்கூத்தில் அரிச்சந்திரனின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நாம். அரசன் சுடலை காத்தான் என்றபோது அழுதோம். தலைமுறை தலைமுறையாய்ச் சுடலை காத்தவனுக்காக எத்தனை பேர் அழுதோம்? தோல் தொழிலாளரான ரவிதாசர் பாடியதும், நெசவாளர் குடியில் வளர்ந்த கபீர் பாடியதும் இதே காசியில்தான். பட்டு நெய்யும் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்வதும் இதே காசியில்தான். 1950-களில் விசுவநாதர் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தபோது, பழமை பேணிய துறவி ஒருவர் அதை ஏற்காமல் தம்மவர்க்கென வேறொரு விசுவநாதர் கோயிலை எழுப்பினார். எக் இவர்களை அறியாதவர் அல்லர். ஆயினும் அவருடைய காசியின் மையத்தில் இருப்பவர்கள் ஞானியரும் பக்தரும் நூல்களுமே. டோமும் தறிக்காரரும் ஓரங்களில் நிற்கின்றனர்.

நம் வாசகர்களுள் பெரும்பாலோரின் பாட்டன்மார் ஊர்க்கோயிலின் கருவறையை அல்ல, தேரோடும் வீதியையே மிதிக்க விடப்படாதவர்கள். 'தரிசனம் என்பது பார்ப்பதும் பார்க்கப்படுவதும்' என்ற அழகிய விளக்கத்தை அவர்களிடம் சொன்னால், 'எங்களைக் கண்டாலே தீட்டு என்றார்களே, அது எந்தத் தரிசனம்?' என்று கேட்பார்கள். பல்சமய உரையாடலை ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள்வழி மட்டுமே கற்கும் நம் குருமாணவர்கள் இக்கேள்வியை எதிர்பாராமலேயே பங்குகளுக்கு வந்து சேர்கிறார்கள். எனினும் இக்கேள்வியைக் கோயிலை நோக்கி மட்டும் வீசிவிட்டு நாம் இளைப்பாற இயலாது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய கத்தோலிக்கர் நாம். சுவரின் இருபுறத்தாருக்கும் கடைசி நேரத்தில் காதில் ஓதப்பட்டது அதே மூன்று பெயர்கள்தான்.

இறையியல் பகுதியில் என் கருத்துவேற்றுமை வேறு வகையானது. 'நம் கடவுள் கேட்கிறாரா?' என்னும் தலைப்பில் அமைந்த இயலே நூலின் உயிர்நிலை. 1980-இல் அமெரிக்கச் சபைத் தலைவர் ஒருவர், யூதரின் செபத்தைக் கடவுள் கேட்பதில்லை என்று மேடையில் பேசியது பெரும் சர்ச்சையாயிற்று. அதைச் சுட்டி எக் எழுப்பும் வினா கூர்மையானது: பிறருடைய செபத்துக்குச் செவிசாய்க்காதவர் எத்தகைய கடவுள்? தொடர்ந்து மூன்று நிலைகளை விவரிக்கிறார். எம் வழி மட்டுமே என்பது ஒன்று. பிறர் வழியின் நன்மை எம் வழியில் நிறைவு பெறுகிறது என்பது மற்றொன்று. வழிகள் பல, அவை ஒன்றையொன்று மதித்து உரையாட வேண்டும் என்பது மூன்றாவது. அவர் தேர்ந்துகொள்வது மூன்றாவதை. அவர் சொல்லும் பன்மை, 'எல்லாம் ஒன்றுதான்' என்று கைகழுவுவதன்று. அவரவர் தம் பற்றுறுதியோடு வந்து மேசையில் அமர வேண்டும் என்பதே. இதை மறைத்துவிட்டு அவரைத் தாக்குவது முறையாகாது.

ஆனால் அவதாரத்தையும் மனுவுருவாதலையும் அவர் அருகருகே வைக்கும்போது, எனக்கு ஓர் இடைவெளி தென்படுகிறது. இந்தியாவில் கண்ட கடவுளின் பல முகங்கள், கிறிஸ்துவின் முகத்தைப் புதிதாய்ப் பார்க்கத் தமக்கு உதவின என்கிறார், அதை நம்புகிறேன். ஆயினும் அவதாரம் மீண்டும் மீண்டும் நிகழ்வது. தன் வேலை முடிந்ததும் திரும்பிச் செல்வது. பெத்லகேமில் பிறந்தவரோ ஒரே முறை வந்தார். அவர் உடல் மெய்யாகவே நொறுங்கியது. உயிர்த்தெழுந்த பின்னும் கையின் காயம் மறையவில்லை. இந்த ஒருமுறைமை ஆணவத்தால் நாம் சேர்த்துக்கொண்டதன்று. நம் நம்பிக்கையின் முதுகெலும்பே அதுதான். இதைப் பேசாமல் மேசையில் அமர்ந்தால் நம் இந்து நண்பர் நம்மைச் சந்திக்கவே இல்லை. நம் நாகரிகத்தை மட்டுமே சந்தித்தார்.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற நம்மவர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்த இயேசு சபைக் குருவான ழாக் துப்புயி, 1948-இல் இந்தியா வந்தவர். குர்சியோங்கிலும் தில்லியிலும் கால் நூற்றாண்டு இறையியல் கற்பித்தவர். 1997-இல் அவர் வெளியிட்ட பெருநூல், கிறிஸ்துவின் தனித்தன்மையைக் கைவிடாமலே பிற சமயங்களுக்கு இறைத்திட்டத்தில் இடம் உண்டா என்று ஆராய்ந்தது. அதன் சில பகுதிகள் ஐயத்துக்கு இடம் தருவதாக விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001-இல் குறிப்பு வெளியிட்டது. நான் உரோமையில் இருந்த காலத்திலேயே, 2004 டிசம்பரில், அவர் காலமானார். அவருடைய விடைகளுள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டு கைகளிலும் இரண்டு உண்மைகளைப் பற்றிக்கொண்டு, எதையும் கீழே விடாமல் நடக்க முயன்ற அந்த வேதனை அவருடைய பக்கங்களில் தெரிகிறது. எக்கின் நூலில் அவ்வேதனை சற்றுக் குறைவு.

காரணம், ஒருவேளை, அவர் திரும்பிச் சென்றவர் என்பதாய் இருக்கலாம். இதைக் குறையாகவே நான் முதலில் எண்ணினேன். நம் காவிரிக் கரையிலேயே ஒரு மாற்று எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சு பெனடிக்டின் துறவியான ஆன்ரி லெ சோ 1948-இல் வந்தார். 1950-இல் அருள்திரு மோன்ஷானெனுடன் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். திருவண்ணாமலைக் குகைகளில் தங்கித் தவம் இருந்தார். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் கொண்ட அவர் 1973-இல் இந்தூரில் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கிறிஸ்துவுக்கும் அருணாசலத்துக்கும் இடையே கிழிபட்ட அவர் உள்ளத்தை அவருடைய நாட்குறிப்பில் காணலாம். அந்நூலை எல்லாரும் படிக்க வேண்டும் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். பலரை அது குழப்பும். ஆனால் அங்கே விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. சாந்திவனம் என்று நாம் அழைக்கும் அந்த ஆசிரமத்தை நாடி வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர்களுள் பலர் அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை என்பது வேறு கதை.

ஆனால் எக் திரும்பிச் சென்று என்ன செய்தார் என்பதைப் பார்த்தபின் என் எண்ணத்தை ஓரளவு மாற்றிக்கொண்டேன். அவர் பயின்று பட்டம் பெற்ற ஹார்வர்டில் உலக சமயங்களின் ஆய்வு மையம் ஒன்று 1960 முதல் தனிக் கட்டடத்தில் இயங்கிவருகிறது. வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த அறிஞர்களும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் குடியிருந்து படிப்பதற்காகக் கட்டப்பட்ட இடம் அது. முன்னர் லாகூரில் கற்பித்தவரும் கனடா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் போதகருமான வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் 1964 முதல் 1973 வரை அதை நடத்தினார். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவோரிடையே நடக்கும் உரையாடல் கருத்தரங்கில் நடப்பதைவிட மெய்யானது என்பது அவ்விடத்தின் அடிப்படை எண்ணம்.

பின்னர் எக் அங்கே பேராசிரியரானார். 1965-க்குப் பிறகு குடியேற்றச் சட்டம் மாறியதால் அமெரிக்காவுக்கு வந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் அவருடைய வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். இந்து சமயத்தைப் பற்றி அவர் இனிமேல் தொலைதூரச் செய்தியாகப் பேச முடியாது. முன்வரிசையில் இருப்பவளின் தாய் வீட்டில் பூசை செய்கிறாள். பிட்ஸ்பர்க்கில் வெங்கடேசுவரரும் நியூயார்க்கில் பிள்ளையாரும் 1970-களிலேயே கோயில் கொண்டுவிட்டார்கள். 1991-இல் அவர் தொடங்கிய பன்மைத் திட்டம், தம் மாணவர்களை அவர்களுடைய சொந்த ஊர்களுக்கே அனுப்பி, அங்குள்ள கோயில்களையும் மசூதிகளையும் குருத்துவாராக்களையும் பற்றி எழுதச் செய்தது. காசிக்குச் சென்றவர், இறுதியில் அண்டை வீட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். நூலின் இறுதி இயலில் 'நாம்' என்ற சொல்லின் எல்லையை விரிக்க அவர் வேண்டுவது இந்த அனுபவத்திலிருந்துதான். இன்று நம் பங்குப் பிள்ளைகளும் படிக்கவும் பிழைக்கவும் கடல்கடந்து போகிறார்கள். ஒரே அறையில் யாருடனோ தங்குகிறார்கள். அவர்களுக்காகவேனும் அந்த இயலைப் பெற்றோர் படிக்கலாம்.

1991-இல் உரோமை வெளியிட்ட 'உரையாடலும் அறிவிப்பும்' என்னும் ஏடு நால்வகை உரையாடலைக் கூறும்போது, அறிஞரின் உரையாடலையோ துறவியரின் உரையாடலையோ முதலில் வைக்கவில்லை. வாழ்வின் உரையாடலையே முதலில் வைத்தது. அண்டை வீட்டாரின் இன்பதுன்பங்களில் பங்குகொள்வதே அது. அதை நான் தேர்வுக்காகப் படித்திருந்தேன். ஆனால் நடந்தது வேறு.

உரோமைக்குச் செல்லுமுன், புதுக்குருவாய் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த பங்கில், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் கோயில் பிரசாதத்தைப் பற்றி மறையுரை ஆற்றினேன். கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதிய பகுதியை எடுத்துக்கொண்டேன். சிலை ஒன்றுமில்லை என்றும், ஆயினும் வலுவற்ற மனச்சான்றை இடறச் செய்யாதே என்றும், விருந்தளிப்பவர் வைப்பதைக் கேள்வி கேட்காமல் உண் என்றும், படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் உண்ணாதே என்றும் அவர் பல கோணங்களில் நின்று பேசுகிறார். நான் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டேன். வாங்குவது விசுவாசத்தை விற்பது என்று முழங்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் ஒரு மூதாட்டி, முப்பது ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் வாங்கிவந்த ஆடிப் பொங்கலை அந்த வாரமே நிறுத்திவிட்டார். காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்: சாமியார் கூடாது என்றார். இது எனக்கு அப்போது பெருமையாகவே சொல்லப்பட்டது. இன்றும், படைத்ததை எல்லாரும் உண்ணலாம் என்று விதி கூற எனக்குத் துணிவில்லை. பவுலடியாரின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அவருக்கிருந்த தயக்கம் எனக்கு இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் துயரம்.

படிப்பு முடிந்து திரும்பிய மறு ஆண்டு, அதே மூதாட்டிக்கு நோயிற்பூசுதல் அளிக்க என்னை அழைத்தார்கள். புதிய பங்குத்தந்தை தியானத்துக்குப் போயிருந்தார். நான் சென்றபோது இருட்டிவிட்டது. மகள் சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கட்டிலருகே பக்கத்து வீட்டு அம்மாள் அமர்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் நோயாளியின் கை. குனிந்து, காதோடு, 'சேசு, மரி, சூசை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினார். 'அவங்க வீட்டுக்காரர் போனப்ப இவங்க இதைத்தான் சொன்னாங்க சாமி. கேட்டிருக்கேன்' என்றார்.

சடங்கு முடிந்து திண்ணைக்கு வந்தேன். முன்பு என் பேச்சினால் அவர்கள் இருவருக்கும் நேர்ந்த வருத்தத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'அவங்களுக்குன்னு எப்பவும் படைக்கிறதுக்கு முன்னாடியே பானையிலேருந்து தனியா எடுத்து வச்சிடுவேன் சாமி. வேதக்காரங்க, அவங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?' என்றார். உள்ளே மூச்சு இழுக்கும் ஒலி கேட்டது. அவர் மறுபடி எழுந்து கட்டிலுக்குப் போனார்.